முள்ளம்பன்றி பேசி முடித்த கதை

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. இந்த வரியை இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சொல்லத் தொடங்கியிருந்தால், ‘ஒரு காட்டில் ஒரு’ என்பது வரை ஒழுங்காக வந்திருக்கும். அதற்கப்புறம் ‘மு’ என்ற இடத்தில் வாய் பூட்டிக்கொண்டிருக்கும். கதை கேட்க உட்கார்ந்த குட்டிகள் தூங்கி, எழுந்து, பசிக்கிறது என்று அம்மாவிடம் போயிருக்கும். ஏனென்றால் அந்த முள்ளம்பன்றி நான்தான். சொந்தப் பெயரைச் சொல்ல வராத பிராணி எங்கள் காட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

எல்லா எழுத்தும் எனக்கு விரோதி இல்லை. ‘அ’ வரும். ‘எ’ நன்றாகவே வரும். ‘மு’வும் ‘கி’யும்தான் தகராறு. ஆனால் திக்குகிறவனுக்குச் சந்து பொந்தெல்லாம் தெரியும். பெரிய தெருவை மறித்துவிட்டால் பக்கத்துச் சந்தில் புகுந்து போவதில்லையா, அப்படி வராத சொல்லை விட்டுவிட்டு வருகிற சொல்லாகப் பார்த்துப் பேசிவிடுவேன். கடையில் கிழங்கு வேண்டும் என்றால், “அதான், மண்ணுக்குள்ளே இருக்குமே, அது” என்பேன்.

“வெங்காயமா?”

“ஆமா.”

எனக்கு ‘ஆமா’ மிக நன்றாக வரும். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் வெங்காயம்தான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே உரிப்பாள். அது வெங்காயத்தால் வந்த கண்ணீரா, என்னால் வந்ததா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கவும் ஒரு சொல்லைத் தொடங்க வேண்டுமே.

பெயருக்கு மட்டும் சந்து கிடையாது. இனத்துக்கு இவ்வளவு என்று காட்டில் தீனிப் பங்கு வாங்கும் வரிசையில் ஒருநாள், அளந்து போடும் கீரி என்னிடம், “பேரு?” என்று கேட்டது. எனக்குப் பின்னால் வரிசை ஓடை வரை நின்றது. ஒரு காட்டுப்பன்றி என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன், திறந்தபடி நின்றேன், கடைசியில் எது வந்ததோ அதைச் சொன்னேன்.

“எலி.”

கீரி என்னை மேலும் கீழும் பார்த்தது. “எலியா?”

“எலி.”

அன்று முதல் எனக்கு எலிப் பங்கு. ஒரு கைப்பிடி தானியம். பக்கத்து வளை மச்சான் மூட்டை கட்டிக் கிழங்கு கொண்டுபோவான், நான் தானியத்தை வாயில் அடக்கிக்கொண்டு வருவேன். கீரி நல்ல மாதிரி. “இவ்வளவு பெரிய எலியை நான் பாத்ததே இல்ல. உடம்பைப் பாத்துக்கங்க” என்று அக்கறையாகச் சொல்லும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சொல் சிக்கும்போது என் முதுகு முள்ளெல்லாம் தானாக எழுந்து நின்றுவிடும். எனக்கு அது வெட்கம். பார்க்கிறவர்களுக்கு அது கோபம். ‘மு’வில் மாட்டிக்கொண்டு நான் நடுங்கிக்கொண்டிருப்பேன், எதிரே நிற்பவர் “சரிங்க, சரிங்க, நீங்க சொன்னா சரிதான்” என்று பின்னால் நகர்ந்துகொண்டிருப்பார். இப்படியே எனக்குக் காட்டில் ‘பெரிய கோபக்காரன்’ என்று பெயர் வந்தது. மறுத்துச் சொல்லத்தான் நினைத்தேன். ‘கிடையாது’ என்பதும் ‘கி’யில் தொடங்குகிற சொல்.

இந்த நிலைமையில் ஒருநாள் குரங்கு தமுக்கு அடித்துக்கொண்டு வந்தது. யானைப் பாதையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மழைக்கு முன்னால் முள்ளம்பன்றி மேட்டை இடித்துச் சமப்படுத்தப் போகிறார்களாம். ஆட்சேபணை உள்ளவர்கள் திங்கட்கிழமை மருதமரத்தடியில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் சொல்லலாமாம்.

அந்த மேட்டில்தான் எங்கள் நாலு குடும்பத்தின் வளைகளும் இருந்தன. என் மனைவிக்கு அது பிரசவ மாதம்.

நாலு குடும்பமும் கூடிப் பேசியது. மச்சான் எழுந்து, “அதிகாரிங்க முன்னாடி நின்னு பேச ஒரு கோபக்காரர் வேணும். நம்ம கிட்ட ஒரே ஒருத்தர்தான் இருக்கார்” என்று சொல்லி என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல ‘மு’வில் தொடங்கினேன். முள்ளெல்லாம் எழுந்து நின்றது.

“பாத்தீங்களா, இப்பவே கொதிக்கிறார்” என்றான் மச்சான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருதமரத்தடியில் மனுச் சொல்ல வாயைத் திறந்த பிராணி, சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கிடக் கூடாது. உத்தரவும் போடக் கூடாது. அப்படிச் செய்தால் அந்த வருடம் மழை தப்பிவிடும் என்று எல்லோருக்கும் பயம். இதனால் யாருக்காவது நியாயம் கிடைத்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முழுவதும் கேட்ட பிறகுதான் இல்லை என்று சொல்வார்கள்.

திங்கட்கிழமை போனேன். சிங்கம் வழக்கம்போல் வெளியூரில். அதன் இடத்தில் யானை ஐயா உட்கார்ந்திருந்தார். பாதை யாருக்காக அகலமாகிறதோ அவரே விசாரணை அதிகாரி. இதில் யாரும் தவறு காணவில்லை, இடத்தை அளக்க அவர்தான் வசதி என்றார்கள்.

குரங்கு கூப்பிட்டது. நான் முன்னால் போய் நின்றேன். இரவெல்லாம் உருப்போட்ட வாக்கியம் ‘முள்ளம்பன்றி மேட்டை இடிக்கக் கூடாது’ என்பது. வாயைத் திறந்தேன்.

“மு…”

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த எல்லாச் சந்திலும் ஓடிப் பார்த்தேன், எல்லாம் அந்த ‘மு’வுக்கே திரும்பி வந்தன. காது சூடாகிவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வளை தோண்டத் தெரிந்த பிராணிக்கு அந்த ஆசை கொஞ்சம் நிஜமாகவே வரும்.

“மு… மு…”

கூட்டம் உதவிக்கு வந்தது. எடுத்துக்கொடுப்பது குறுக்கீடு ஆகாது என்று குரங்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. “முருங்கைக்காயா?” என்றது மயில். “முதுகு வலியா?” என்றது ஆமை. “மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்றது ஒரு காட்டெருமை, அது தானே இழுத்தும் காட்டியது. “நிதானமா, அவசரமே இல்ல” என்று சொன்ன நரி, சொல்லிவிட்டு வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. யானை ஐயாவுக்குக் குளிக்கும் நேரம் ஆயிற்று. “மனுதாரர் பேச்சு தொடர்கிறது. மீதி அடுத்த வாரம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரமும் ‘மு’. அதற்கடுத்த வாரமும் ‘மு’. இடிக்க வந்த யானைகள் மேட்டடியில் கரும்பு தின்றுகொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தன. மேட்டில் எனக்குப் பெரிய மரியாதை. மச்சான் ஒரு மூட்டைக் கிழங்கை எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். “மழை விழுந்துட்டா இந்தக் களிமண்ணுல யானை காலை வைக்க முடியாது. அப்புறம் அடுத்த கோடைதான். அதுவரைக்கும் இழுத்துடுவீங்கதானே? இந்த மூளை எங்களுக்கெல்லாம் வராது” என்றான்.

நான் தலையை ஆட்டினேன். இதில் மூளை எங்கே வந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு திங்களும் நான் நிஜமாகவே பேசத்தான் போனேன். நிஜமாகவே தோற்றுத்தான் வந்தேன். ஊரே பாராட்டுகிற தோல்வியை வைத்துக்கொண்டு தூங்குவது கஷ்டம்.

“எனக்கு ஒரு தடவையாவது என் பேரை முழுசா சொல்லணும்” என்று மனைவியிடம் சொன்னேன். இது அரைமணி நேரம் எடுத்தது.

“நல்லாத்தானே போயிட்டிருக்கு” என்றாள் அவள். பக்கத்தில் இரண்டு குட்டிகள் புதிதாகப் பிறந்து சுருண்டு கிடந்தன. “மழை வரட்டும். அப்புறம் நாள் பூரா பேரைச் சொல்லிக்கிட்டு உக்காந்திருங்க. நான் கேக்கறேன்.”

சொன்னது நியாயம். எனக்கு நியாயம் காதில் ஏறவில்லை. யாருக்கும் தெரியாமல் ஆலமரத்துக்குப் போனேன். அங்கே கிளி டீச்சர் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

“சார், உங்க பிரச்சினையைச் சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“மு…”

“மு…” என்றார் டீச்சரும்.

“மு… மு…”

“மு… மு…”

கேலி என்று நினைத்தேன். முள் எழுந்தது. ஆனால் டீச்சருக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வது. மூச்சு முட்டுவதும், கழுத்தைச் சாய்ப்பதும், கண்ணை மூடிக்கொள்வதும் கூட என்னைப் போலவே. நான் திக்கினால் அவரும் திக்கினார். நான் நின்றால் அவரும் நின்றார். வெயில் சாய்கிற வரைக்கும் ஒரே கிளையின் மேலும் கீழும் இரண்டு பேர் ‘மு’வில் மாட்டிக்கொண்டு கிடந்தோம். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எனக்குத் துணை இருந்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு ‘மு’ தொடங்கி, அது பாட்டுக்கு ‘முள்ளம்பன்றி’ என்று முடிந்தது. பயம் போன இடத்தில் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அழுதேன். டீச்சரும் அழுதார், அவருக்கு எதற்கு என்று தெரியாது.

அடுத்த திங்களன்று வானம் கறுத்திருந்தது. காற்றில் மண்வாசனை. இன்னும் ஒரு வாரம் தள்ளினால் மேடு பிழைக்கும். கூட்டத்துக்கும் பழகிப்போயிருந்தது. மயில் பாதி தூங்கிக்கொண்டிருந்தது, காட்டெருமை சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தது. நாலு குடும்பமும் முன்வரிசையில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது. என் மனைவி குட்டிகளை மடியில் வைத்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

“முள்ளம்பன்றி மேட்டை இடிக்கக் கூடாது ஐயா. அங்கே நாலு குடும்பம் இருக்கிறது. என் குட்டிகளுக்கு இன்னும் முள் கூட கெட்டியாகவில்லை. பாதையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.”

ஒரே மூச்சில் சொன்னேன். எங்கும் சிக்கவில்லை. முள் ஒன்றுகூட எழவில்லை. அந்த நிமிடத்தின் ஆனந்தத்தை இன்றைக்கும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூட்டம் எழுந்து நின்றது. பிறகு கைதட்டல் எழுந்தது. மயில் தோகையை விரித்தது. காட்டெருமை, “மூச்சை இழுத்து விடச் சொன்னது நான்தான்” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. யானை ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். தும்பிக்கையாலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“என்ன உச்சரிப்பு, என்ன தன்னம்பிக்கை. நம் காட்டுக்கே முன்னுதாரணம்” என்றார். பிறகு குரங்கின் பக்கம் திரும்பி, “மனுதாரர் பேசி முடித்துவிட்டார். ஆட்சேபணை முழுமையாகக் கேட்கப்பட்டது. வேலையைத் தொடங்கலாம்” என்றார்.

சாயங்காலத்துக்குள் மேடு இல்லை. மறுநாள் மழை கொட்டியது.

நனைந்துகொண்டே கிழக்குச் சரிவில் புது வளை தோண்டினோம். பொன்னாடையை மேலே கட்டிக் குட்டிகளைக் கிடத்தினோம். அதற்கு மட்டும் அது உபயோகப்பட்டது. மச்சான் என்னோடு பேசுவதில்லை. நான் பேசினேன், எனக்குத்தான் இப்போது நன்றாக வருகிறதே, ஆனால் கேட்க ஆள் இல்லை. பங்கு வரிசையில் நின்று “முள்ளம்பன்றி” என்று கணீரென்று சொன்னேன். கீரி கிழங்கை எடுத்து வைத்துவிட்டு, “இங்கே ஒரு பெரிய எலி வருமே, அதைக் காணோமே, போய்ச் சேந்துடுச்சா? பாவம், அதிகம் பேசாது” என்று வருத்தப்பட்டது.

கோடை வந்தது. குரங்கும் தமுக்கோடு வந்தது. பாதை கிழக்குச் சரிவு வரைக்கும் நீள்கிறதாம்.

நாலு குடும்பமும் என் வளை வாசலில் வந்து நின்றது. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் பழையபடி பேசிக் குடுங்க” என்றான்.

முயற்சி செய்தேன். “மு… மு…” என்று போட்டுப் பார்த்தேன். என் குட்டியே சிரித்தது. போலி என்று ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரியும். யானை ஐயா வேறு என் உச்சரிப்பை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். என்னிடம் இருந்த ஒரே சொத்தை நானே தொலைத்துவிட்டு வந்திருந்தேன்.

“அந்த டீச்சர் கிட்ட போய் திருப்பிக் கேளுங்க” என்றாள் என் மனைவி. கோபத்தில் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை குரங்கு கூப்பிட்டபோது கிளி டீச்சர் பறந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். “மனுதாரருக்குப் பதிலா வேற ஒருத்தர் பேச வழக்கத்துல இடம் உண்டா?” என்று நரி எழுந்து கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் டீச்சர் வாயைத் திறந்துவிட்டார். இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது.

“மு…” என்றார் டீச்சர்.

அப்படியே என்னுடையது. மூச்சு முட்டல், கழுத்துச் சாய்வு, மூடிய கண், எதுவும் குறையவில்லை. யானை ஐயா மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். “முருங்கைக்காயா?” என்றது மயில்.

நான் கடைசி வரிசையில் டீச்சருக்கான கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் வேலை, இன்றைக்கும் அதுதான். என் திக்கலை வெளியே உட்கார்ந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் பண்றாங்க” என்று என் மனைவி காதருகே சொன்னாள். “ஆனா நீங்க இன்னும் கொஞ்சம் உருக்கமா திக்குவீங்க.”

நீதி: உங்கள் குறையைச் சரிசெய்துகொள்ளும் முன், அதை நம்பி எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளவும்.