கட்டிலுக்கு அடியில் கர்த்தார் சிங்

கர்த்தருக்குள் மிகவும் அன்பான ஞானம் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் கெசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஹேடோ சர்க்கார் குவார்ட்டர்ஸில் நாங்கள் சுகம். லாங் ஐலண்ட் தீவில் உங்கள் சுகத்துக்கும் மாமாவின் முழங்காலுக்கும் ஜெபிக்கிறோம். 'நாங்கள் சுகம்' என்பது வழக்கத்துக்கு எழுதியது. அப்பாவுக்குத் தெரியாமல், போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கூடத்தில் அப்பா மாட்டிய பலகை உங்களுக்குத் தெரியும்: 'இந்த வீட்டின் தலைவர் கர்த்தரே.' தலைவரைக் கேட்காமல் அப்பா எதுவும் செய்வதில்லை. நான் பள்ளி வாலிபால் அணியில் சேரலாமா என்று கேட்டார். கர்த்தர் வேண்டாம் என்றார். அம்மா மின்னி பே பகுதியில் தையல் வகுப்புக்குப் போகலாமா? அதற்கும் வேண்டாம். அப்பா புது போன் வாங்கலாமா என்று கேட்டதற்கு மட்டும், கண்ணை மூடியவுடனே சரி என்று சொல்லிவிட்டார். "கீழ்ப்படியணும்ட்டி. இது அப்பா வீடு இல்ல, கர்த்தர் வீடு. எவன் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்" என்பார். நான் கீழ்ப்படிந்தேன் அத்தை, அதுதான் வினையாகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் இல்லாத நேரத்தில் குவார்ட்டர்ஸ் சரிபார்க்கும் அதிகாரி வந்து, வீடு யாருடையது என்று இந்தியில் கேட்டார். பயத்தில் இந்தி மறந்துபோய் "கர்த்தர்" என்றேன். "கர்த்தார்? சிங்?" என்றார். சிங் என்றால் சிங்கம்தானே, யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று சண்டே ஸ்கூலில் படித்திருக்கிறோமே என்று தலையாட்டினேன். ஆள் எங்கே என்றார், எங்கும் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியமாட்டார் என்றேன். எப்போது வருவார் என்றார், திருடன் வருகிற மாதிரி வருவார் என்றேன். பணம் கொடுக்கல் வாங்கல் உண்டா என்றார், மாதாமாதம் அப்பா சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்றேன். அதிகாரி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆபீசிலிருந்து போன். சர்க்கார் வீட்டைக் கர்த்தார் சிங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தால் காலி செய்ய வேண்டுமாம். அப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார். "கர்த்தாரா? தெரியாது சாப்." "அந்த ஆளைப் பார்த்ததே இல்ல சாப்." "சத்தியமா எனக்கும் அவனுக்கும் சம்பந்தம் கிடையாது சாப்!" மூன்றாவது தரம் சொல்லி வாய் மூடவில்லை, பைபிளில் சீடன் மறுதலித்தபோது கூவிய மாதிரியே, பக்கத்து வீட்டு நாகலிங்கம் மாமாவின் சேவல் கூவியது. நட்ட நடு மத்தியானத்தில், அத்தை! அம்மா முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார்.

அப்பா பலகையைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். "அடுத்த வாரம் ஆபீசர் வாராரு. தலைவர் யாருன்னு கேட்டா, அப்பான்னு சொல்லு."

"கர்த்தர் கேட்டா?" என்றேன். முறைத்தார்.

பிறகு குடும்ப ஜெபத்தில், காட்டிக்கொடுத்தவன் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று, கட்டிலுக்கு அடியில் இருக்கிறவரிடமே உருக்கமாகக் கேட்டார். அதிகாரி வந்துபோனதை நான் சொல்லவே இல்லை, அதனால் அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் ஆமென் சொல்லிவிட்டேன். அதிலிருந்து நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அதிகாரி வந்தால் என்னை அடையாளம் காட்டிவிடுவார், தோலை உரித்துவிடுவார் அப்பா. கர்த்தருக்கு அடுத்தபடி அவர் பயப்படுவது உங்களுக்குத்தான். சில நாள் வரிசை மாறுவதும் உண்டு. எப்படியாவது கப்பலேறி வந்துவிடுங்கள்.

மாமாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் வீட்டுக் கோழி, ஆடு, தென்னை எல்லாவற்றையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
பயந்து கீழ்ப்படிந்துள்ள,
கெசியா

பின்குறிப்பு: அத்தை, வர வேண்டாம். அதிகாரி சொன்ன நாளுக்கு முன்பே, திருடன் வருகிற மாதிரி, இன்று காலை வந்துவிட்டார். பல் விளக்கிக்கொண்டிருந்த என்னைக் காட்டி, "இந்த லட்கிதான் சொன்னது" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "இதுவா சாப்? இது எம் பொண்ணே இல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்றார். சேவல் கூவவில்லை, ஞாயிற்றுக்கிழமையே அதைக் குழம்பு வைத்துவிட்டார்கள். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆகவே இனி என்னை அடிக்க அப்பாவுக்கு அதிகாரம் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே தகப்பன் பரமண்டலத்தில் இருக்கிறவர். அவருடைய பலகையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டு, வாலிபால் பற்றி நேரிலேயே கேட்டேன். கண்ணை மூடியவுடனே சரி என்று சொல்லிவிட்டார்.