சவுக்கரின் ஐந்து சவுக்குகள்

என் நாட்குறிப்பில் சென்ற வருடம் மார்ச் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமைக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: “மழை இல்லை. சவுக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே அவரும் பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்து ஒரு காவல்காரனை நாற்பது தடவை அடித்தார்கள். தாதி மிஸி ஏசினார். நாலு மணிக்குத் திரும்பினோம்.”

எனக்குப் பிறகு இந்தக் குறிப்பை வாசிக்கிறவர்கள் பொலிசுக்குப் போய்விடக் கூடாது. அதற்காகவே விளக்கமாக எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் சவுக்கைப் பற்றிச் சவுக்கரளவுக்கு அறிந்த மனிதர் இருந்ததில்லை. மாட்டுவண்டிக்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அவர் ஆயுளில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட அடித்தவரல்ல. அவருடைய சவுக்குகள் ஐந்தும் ஒரு வீடியோ கேமுக்குள் இருந்தன.

நானும் அவரும் ஒரே நில அளவைக் கந்தோரில் இருந்தோம். அவர் காணிப் படம் வரைகிறவர், நான் பதிவறை. அவர் வரைந்த எல்லைக்கோட்டை இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் பிழை என்று நிரூபித்ததில்லை. பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கல்யாணம் செய்யாத மனிதர். வேலையை விட்டு வீட்டில் கிடந்தவருக்கு வெளிநாட்டிலிருந்த அக்கா மகன் ஒரு கேம் மெசினை அனுப்பிவைத்தான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கக்கூடிய பிடிகள். அதற்குள் அழிந்துபோன ஓர் இராச்சியம். சாபம் பிடித்த ஒரு வீரன் பேய்களையும் பூதங்களையும் வெட்டிக்கொண்டு போய், கடைசியில் சிம்மாசனத்தில் இருக்கிற செத்த ராசாவைக் கொல்ல வேண்டும். வாள், கோடரி, ஈட்டி, கதாயுதம் என்று நூற்றுக்கணக்கில் ஆயுதங்கள். உலகம் முழுக்க எல்லாரும் பெரிய வாளைத்தான் எடுத்தார்கள். இவருக்குக் கையில் முதலில் கிடைத்தது ஒரு தோல் சவுக்கு. கிடைத்ததை அளந்து பார்க்காமல் இன்னொன்றுக்கு மாறுவது அவருடைய தொழிலில் இல்லாத பழக்கம்.

அந்த நேரம் பார்த்து இணையத்தில் யாரோ ஒருவன், “இந்த விளையாட்டில் சவுக்கு ஓர் ஆயுதமே அல்ல, அழகுக்கு வைத்தது” என்று எழுதியிருந்தான். சவுக்கர் அதை என்னிடம் காட்டினார்.

“இவன் அளந்தவனா?”

“எவன்?”

“இத எழுதினவன். அளந்து போட்டு எழுதினவனா, சும்மா இருந்து எழுதினவனா?”

அன்றைக்கு ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினார். விளையாட்டுக்குள் ஒரு கோட்டையின் முற்றம் இருந்தது. சதுரமாக வெட்டிய கற்களைப் பதித்த முற்றம். அதன் முடிவில் ஒரு காவல்காரன், அடி விழும்வரைக்கும் அசையாமல் நிற்பான். தூரத்தில் நின்று சவுக்கை வீசுவது. படாவிட்டால் ஒரு கல் கிட்டப் போய் வீசுவது. பட்ட இடத்திலிருந்து எத்தனை கல் என்று எண்ணிக் கொப்பியில் பதிவது. இதுதான் முறை. முற்றத்தைப் படமாகவும் வரைந்தார். ஓரத்தில் வடக்குக் குறி போட்டிருந்தார்.

“கேமுக்குள்ள வடக்கு எது எண்டு எப்பிடிக் கண்டாய்?”

“சூரியன் எழும்புற பக்கத்த வச்சுத்தான். வேற எப்பிடி?”

ஐந்து சவுக்கையும் அப்படி அளந்தார். தோல் சவுக்கு வேகம், ஆனால் வலு இல்லை. முள்ளுச் சவுக்கு பட்டால் இரத்தம் கசியும், அது எதிரியை நின்று நின்று கொல்லும். எலும்புச் சவுக்கு பார்க்கத்தான் பயங்கரம். சவுக்குபோல வளையும் சுருள்வாள் நுனியில் வெட்டும், கிட்ட வந்தவனை ஒன்றும் செய்யாது. சங்கிலிச் சவுக்கு எல்லாவற்றிலும் நீளம், ஆனால் ஒருமுறை வீசினால் திரும்பி வருவதற்குள் நாம் செத்துவிடலாம். சவுக்குகளுக்குப் பொதுவான நல்ல குணம் ஒன்று: கேடயத்தால் தட்டிவிட முடியாது. பொதுவான கெட்ட குணம் ஒன்று: எத்தனை அடி விழுந்தாலும் எதிரி தடுமாற மாட்டான். அடியை வாங்கிக்கொண்டே நடந்து வருவான்.

“என்ட கிட்னி வருத்தம் மாதிரி,” என்றார் சவுக்கர். பிறகு, “இத எழுதிப்போடாத,” என்றார். எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காவல்காரனிடம் “குறை நினைக்காத தம்பி” என்று சொல்லுவார். சத்தமாகத்தான் சொல்லுவார்.

விளையாட்டில் கேட்கிற சவுக்குச் சத்தம் சரியானதுதானா என்று ஒருமுறை அவருக்குச் சந்தேகம் வந்தது. சித்தாண்டிப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவரிடம் நிஜச் சவுக்கொன்றை இரவல் வாங்கி வந்து வளவில் நின்று வீசினார். முதல் வீச்சில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சாரம் கீழே விழுந்தது. இரண்டாவதில் பப்பாசி மரத்தின் தலை சாய்ந்தது. மூன்றாவது அவருடைய சொந்தக் காதிலேயே பட்டது. காயத்துக்குத் தையல் போட்ட டொக்டர், “யார் அடிச்சது?” என்று கேட்டார். சவுக்கர் சொன்ன பதில், “தோல் தான் டொக்டர். முள்ளில்ல.” அன்றிலிருந்துதான் அந்தப் பெயர் ஊருக்குள் நிலைத்தது.

கிழமையில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கையில் ஊசியைக் குத்தி, உடம்பிலுள்ள இரத்தத்தை மெசினுக்குள் அனுப்பித் திரும்ப எடுக்கிற நாலு மணித்தியாலம். இடக்கையை அசைக்கக் கூடாது. ஒரு கையால் கேம் விளையாட ஏலாது. வாரத்தில் இரண்டு நாள் அளவை நிற்பதைச் சவுக்கரால் தாங்க முடியவில்லை.

அவருக்கு வலப்பக்கக் கட்டிலில் பனிச்சங்கேணியார் கிடந்தார். வாவியில் வீச்சுவலை எறிகிற மனிதர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இடக்கைக்காரர் என்பதால் ஊசி வலக்கையில். முதல் கிழமையே எல்லாரும் கேட்கச் சொன்னார்:

“ஆயுசு முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்டவன் நான். இப்ப அரைக் கோப்பத் தண்ணிக்கு மிஸிக்கிட்ட கெஞ்சிக்கிட்டுக் கிடக்கன். விடியக்குள்ள எழும்பி ரெண்டு பஸ் மாறி வந்து இந்த ஊசியக் குத்துறதுக்கு, ஊட்டயே கிடந்து செத்துப் போகலாம். வாற கிழமயோட நான் நிப்பாட்டுறன்.”

அப்போது சவுக்கர் தலையைத் திருப்பி, “அண்ணே, ஒங்கட இடக்கை சும்மாதான இரிக்கி?” என்று கேட்டார்.

இப்படித்தான் தொடங்கியது. திரையை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் மேசையில் நிறுத்தினேன். இடப்பக்கப் பிடி பனிச்சங்கேணியாரின் இடக்கையில்: வீரனை நடக்க வைப்பது அவர். வலப்பக்கப் பிடி சவுக்கரின் வலக்கையில்: அடிப்பது இவர். ஆளுக்கொரு கை மெசினில் கட்டிக் கிடக்க, மிச்சமிருந்த இரண்டு கையும் சேர்ந்து ஒரு வீரன்.

“இந்தக் காவல்காரர் என்ன பிழை செஞ்சவர்?” என்று பனிச்சங்கேணியார் முதல் நாளே விசாரித்தார்.

“ஒண்டும் செய்யல்ல.”

“மறுகா ஏன் அடிக்கிற?”

“அளக்கிறதுக்கு.”

கொஞ்சம் யோசித்தார். “சரி, அடி.”

நிப்பாட்டுகிறேன் என்றவர் அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமை எங்களுக்கு முன்னாலேயே வந்து, “காவல்காரர் எழும்பிட்டாரா?” என்று கேட்டுக்கொண்டு கட்டிலில் ஏறினார். அவருக்குச் செத்த ராசா ஒரு பொருட்டில்லை, இராச்சியமும் பொருட்டில்லை. சவுக்கு எங்கே போய் விழுகிறது என்பது மட்டும் தெரிய வேண்டும். “வலயும் இதுதான் தம்பி. கையில இரிக்கக்குள்ள கயிறு, போய் விழக்குள்ளதான் வல,” என்றார். அதையும் சவுக்கர் கொப்பியில் பதிந்தார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஜூலை மாதம் நான் அந்தக் கொப்பியைத் திகதி வாரியாக நல்ல எழுத்தில் பிரதி செய்துகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, பழக்கம். அப்போது ஒன்று தென்பட்டது. வீட்டில் சவுக்கர் தனியே அளந்த நாட்களில் சங்கிலிச் சவுக்கு எட்டுக் கல். திங்களும் வியாழனும் அளந்தால் அதே சவுக்கு ஒன்பது கல். முள்ளுச் சவுக்கும் அப்படியே, சுருள்வாளும் அப்படியே. ஆஸ்பத்திரியில் மட்டும் ஐந்தும் ஒரு கல் கூடுதல் நீளம்.

அடுத்த திங்கட்கிழமை கட்டிலடியில் இருந்து கவனித்தேன். சவுக்கர் வீசுகிற அதே கணத்தில் பனிச்சங்கேணியாரின் தோள் முன்னுக்குச் சாய்ந்தது. பெருவிரலும் கூடவே சாய்ந்தது. திரையில் வீரன் ஓர் அடி முன்னே வைத்தான். நாற்பது வருடம் வலை எறிந்த உடம்பு. எறியும்போது முன்னே போகாமல் நிற்க அதற்குத் தெரியாது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கேயே, அவர் காதுபடச் சொன்னேன். “ஆஸ்பத்திரிக் கணக்கு முழுக்கப் பிழை. இவர் ஒவ்வொரு அடிக்கும் கால் வைக்கிறார்.”

பனிச்சங்கேணியார் பிடியை மெதுவாக மேசையில் வைத்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் நான் தம்பிட வேலையக் கெடுத்துக்கிட்டா கிடந்த?”

சவுக்கர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “இண்டைக்குக் காணும்,” என்று தன் பிடியையும் வைத்தார்.

வியாழக்கிழமை வலப்பக்கக் கட்டில் வெறுமையாக இருந்தது. அடுத்த திங்களும் வெறுமை. “ரெண்டு தரம் விட்டா நெஞ்சில தண்ணி கட்டும். மூண்டாவது தரம் விட்டா நாங்க பார்க்கத் தேவையில்ல,” என்றார் மிஸி. தொலைபேசிக்கு அந்தப் பக்கம் எடுப்பார் இல்லை.

செவ்வாய் காலை சவுக்கர் என் வாசலில் நின்றார். அறுபது யார் தூரம் நடந்தால் இளைக்கிற மனிதர். கக்கத்தில் கொப்பி.

“ஓட்டோ பிடி. பனிச்சங்கேணிக்குப் போகோணும்.”

பாலம் தாண்டியதும், “அங்க போய் நீ வாய் திறக்கப்படாது,” என்றார்.

பனிச்சங்கேணியார் கதிரையில் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு இரவாக இருந்த வாக்கில் கிடக்கிறாராம். கால் இரண்டும் வீங்கி, விரல் அமத்தினால் குழி விழுந்தது.

“என்ன தம்பி இவ்வளவு தூரம்?”

சவுக்கர் உட்காரக்கூட இல்லை. கொப்பியை விரித்தார். “ஞாயித்துக்கிழம முழுக்க இருந்து திரும்ப அளந்தனான் அண்ணே. ஒங்கட கணக்குத்தான் சரி. சவுக்கு வீசக்குள்ள ஓரடி முன்னுக்கு வைக்கோணும், அப்பதான் அதுட முழு நீளம் வரும். நிண்ட இடத்தில நிண்டு அடிச்ச என்ட கணக்குத்தான் பிழ. பாருங்க, வெட்டிப்போட்டன்.”

எட்டிப் பார்த்தேன். வீட்டில் அளந்த அத்தனை எண்களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே ஞாயிற்றுக்கிழமைத் திகதியிட்டு, ஐந்து சவுக்குக்கும் ஐந்து புது அளவு. எல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கோடு ஒத்திருந்தன. இருபத்தாறு வருடத்தில் தன் எண்ணொன்றை அந்த மனிதர் வெட்டி நான் பார்த்ததில்லை.

பனிச்சங்கேணியார் என் பக்கம் கண்ணைத் திருப்பினார். “அப்ப இவர் சொன்ன?”

“இவனா? இவன் பதிவற. தாள் அடுக்கத் தெரியும். அளவையப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்?”

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

பனிச்சங்கேணியார் மூச்சை இழுத்து விட்டார். “எனக்கும் மனசுக்குள்ள அப்பிடித்தான் கிடந்த,” என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “புள்ள, போட்டுக்கிட்டுப் போக அந்தச் சேட்ட எடு,” என்றார்.

அதே ஓட்டோவில், மூவரும் நெருக்கிக்கொண்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மிஸி மூவருக்கும் சேர்த்து ஏசினார்.

அதன்பிறகு பனிச்சங்கேணியார் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நவம்பர் மழைக்குள் இருவரும் செத்த ராசாவோடு சண்டை தொடங்கினார்கள். சங்கிலிச் சவுக்கா, முள்ளுச் சவுக்கா என்று மூன்று கிழமை விவாதம். கடைசியில் முள்ளு. ஒரு வியாழக்கிழமை ராசாவுக்கு உயிர் ஒரு நூலளவு மிச்சம் இருந்தபோது சவுக்கரின் மெசினில் மணி அடித்தது. இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். மிஸி ஓடி வந்து கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார். தலை கீழே போன நிலையிலும் சவுக்கர், “அண்ணே, பின்னுக்குப் போங்க, பின்னுக்கு,” என்றுகொண்டிருந்தார். ராசா வென்றான்.

சவுக்கர் ஜனவரி மாதம், தைப்பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை, வீட்டில் இதயம் நின்று இறந்தார். ஊசி இல்லாத நாள். இணையத்தில் எழுதியவனுக்கு அனுப்ப வேண்டிய பதில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கியபடி நிற்கிறது: “ஐயா, தாங்கள் அளந்தீர்களா?”

இப்போது திங்களும் வியாழனும் நான் போகிறேன். அந்தக் கட்டிலில் வேறொருவர் வந்துவிட்டார். நான் நடுவில் ஸ்டூல் போட்டிருந்து வலப்பக்கப் பிடியைப் பிடிக்கிறேன். “தம்பி இதவிடப் பொறுமையா அடிப்பார்,” என்று பனிச்சங்கேணியார் குறை சொல்லுவார். அவர் இன்னும் ஒவ்வொரு வீச்சுக்கும் கால் வைக்கிறார்.

பதிவுக்காக ஒன்று. சவுக்கர் திரும்ப அளந்ததாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையை என் நாட்குறிப்பிலும் சரிபார்த்தேன். அன்று அவர் காய்ச்சலோடு காலை முதல் இரவுவரை என் வீட்டில்தான் கிடந்தார். கேம் மெசின் கூட இருக்கவில்லை. ஆகவே அந்த ஐந்து அளவும் எங்கே, எப்போது எடுக்கப்பட்டன என்பது தெரியவில்லை. கால் வைத்து வீசினால்தான் சவுக்கின் சரியான நீளம் வரும் என்பதும் உறுதிப்படுத்தப்படவில்லை. மெசின் என்னிடம் இருக்கிறது, காவல்காரன் அங்கேயே நிற்கிறான், பத்து நிமிட வேலை. நான் அளந்து பார்க்கவில்லை.