துடுப்பு அண்ணாச்சி சுட்ட ஆப்பிள் கேக்

பூமி சுற்றுவதை நிறுத்தினாலும் துடுப்பு அண்ணாச்சியின் வலக்கை நிற்காது. முப்பது வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நீளமான துடுப்புக் கரண்டியால் பால்கோவா கிண்டிய கை அது. இப்போது அதே ஊர் மடவார் வளாகத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வில் இருக்கிறார். கைக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் காற்றைக் கிண்டுவார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து டிரைவர் இரண்டு தடவை பிரேக் போட்டிருக்கிறார். துக்க வீட்டில் கொடுத்த காப்பியைக்கூட ஆறும்வரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தவர்.

அவர்தான் போன வருஷம் கேக் சுடக் கிளம்பினார்.

காரணம், மருமகள். பட்டாளத்தில் இருக்கும் மகன் இமாச்சலத்தில் கட்டிய பெண். அவளை இங்கே விட்டுவிட்டு அவன் எல்லைக்குப் போய்விட்டான். இரண்டு வாரமாக அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. அதற்குள் துணி சுற்றி, ஓரத்தில் வளையம் வைத்த ஒரு தகரத் தட்டு. அவர்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் தோட்டத்து ஆப்பிளை நறுக்கி அடுக்கி, அந்தத் தட்டில்தான் கேக் சுடுவார்களாம். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள்.

"அவ அம்மா வீட்டுக் கேக்கு நம்ம அடுப்புல வேகணும் தம்பி. அம்புட்டுதான்" என்றார் அண்ணாச்சி.

மகன் போனில் பக்குவம் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன். அவள் அம்மா அனுப்பிய ஆப்பிள் மூன்று கேக்குக்குத்தான் காணும். ஓவன் கிடையாது. பழைய பால்கோவா வாணலியில் மணல் பரப்பிச் சூடேற்றி, தட்டை உள்ளே இறக்கி, தாம்பாளத்தால் மூடினோம். முக்கால் மணி நேரம் தொடக் கூடாது.

ஐந்தாவது நிமிஷம் மூடி தரையில் கிடந்தது. துடுப்பு கேக்கில் இருந்தது.

"அண்ணாச்சி! கிண்டக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"அடுப்புல வச்ச பண்டத்தக் கிண்டாமப் பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன விருந்தாளியா?"

புதன்கிழமை கேக், அல்வாவாக முடிந்தது. வியாழக்கிழமை அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, துடுப்பை ஒளித்துவைத்து, தாம்பாளத்தின் மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தார். அண்ணாச்சி குழவியோடு சேர்த்து வாணலியையே உலுக்கினார்.

"ஏங்க, அது என்ன தொட்டிலா? ஆட்டுறீக!"

ஒரு பக்கம் கரி, மறு பக்கம் கஞ்சி.

இரண்டு தடவையும் மருமகள் தட்டைத் தேய்த்துக் கழுவி, துணி சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சின்னப் பூட்டுதான். அது விழும் சத்தத்தில் அண்ணாச்சியின் முகம் பால் திரிந்ததுபோல ஆனது.

வெள்ளிக்கிழமை காலை. மிச்சம் நாலே ஆப்பிள்.

"கையக் கட்டிப் போடு தம்பி" என்று துண்டை நீட்டினார். கட்டினேன். கை நின்றது, தோள் சுற்றியது. தோளைப் பிடித்தேன், தலை சுற்றியது. மணலைவிட அவருக்குத்தான் சூடு அதிகம்.

மதினி பக்கத்து அடுப்பில் இரண்டு லிட்டர் பாலை வைத்தார்.

"தம்பி, கட்ட அவுத்து விடுங்க. ஏங்க, இந்தாங்க, இதக் கிண்டுங்க. அந்தப் பக்கம் திரும்புனீக, பொறவு நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

பிறகு நடந்தது ஒரு தவம். பால் பொங்கியது, அடங்கியது, சுண்டியது. கை தன் பழைய பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி, மூடிய இருட்டுக்குள், யாரும் தொடாத ஒன்று தன் போக்கில் எழும்பிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்தபோது பட்டை வாசம் தெருவுக்கே போனது. பொன்நிறம். நடுவில் லேசாகப் பள்ளம். மருமகள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். அடுத்த துண்டை எடுத்தாள். அதற்கடுத்ததையும்.

"நல்லா இருக்கா தாயி?" என்றார் மதினி.

"அம்மா மாதிரி" என்றாள்.

தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் பூட்டுச் சத்தத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை. திரும்பி வந்து, சமையலறைச் சுவரில் துடுப்பு மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தட்டை மாட்டினாள்.

அண்ணாச்சி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பை அணைத்து வெகு நேரமாகியிருந்தது. பால் எப்போதோ கோவாவாகியிருந்தது. அவர் அதைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.