ஓட்டை கண்டால் பொறுக்காதவர்

இல்லை, அது எலி போட்ட ஓட்டை இல்லை. வீடு கட்டினவன் பூச மறந்த ஓட்டையும் இல்லை. லண்டனில் பழைய வீடுகளின் வெளிச்சுவரில், நிலத்தோடு ஒட்டினாற்போலக் கண் கண்ணாக ஒரு செங்கல் இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் தவழக்கூடிய வெளி உண்டு. அதற்குள் காற்றுப் போய்வர வைத்த வழி அது. இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்கிறீர்களா? ஒருவரும் கேட்கவில்லை. லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் இருக்கிற குகநாதனாவது கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது: ஓட்டை கண்டால் பொறுக்காத இனம். குகநாதன் அதற்குத் தலைவர். குளிர்காலம் எட்டிப் பார்த்தால் போதும், கதவடியில் உள்ளங்கையை வைத்து, நாடி பிடிக்கிற பரியாரியைப்போலக் கண்ணை மூடிக் காற்றுப் பார்ப்பார். பார்த்த இடத்தில் துவாயைச் சுருட்டி வைப்பார், யன்னல் விளிம்பெல்லாம் ரேப் ஒட்டுவார், தபால் போடுகிற வாய்க்குள் பழைய காலுறையைச் செருகுவார், குசினிப் புகையை இழுக்கிற காற்றாடி வீட்டுச் சூட்டையும் சேர்த்துக் களவெடுக்கிறது என்று அதன் கழுத்தையும் நெரிப்பார். மகள் தக்ஷிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்த கிழமை, வீட்டைச் சுற்றி வந்து அந்தச் செங்கல்களின் கண்களையும் கையில் அகப்பட்டதைக் கொண்டு அடைத்தார். பேத்திக்குக் குளிர் பிடிக்கக் கூடாது.

அடைத்ததை மறந்தும் விட்டார். அது இந்த இனத்தின் அடுத்த குணம்.

வீடு வியர்க்கத் தொடங்கியது. யன்னல் அழுதது. அலுமாரியில் கலியாணக் கோட்டுக்குப் பச்சை மயிர் முளைத்தது. யார் குற்றம்? லண்டன் மழையின் குற்றம், வீட்டைக் கட்டின வெள்ளைக்காரனின் குற்றம், மனைவி கனகாம்பிகை வைக்கிற ரசத்தின் குற்றம். கடைசியில் ஈரம் உறிஞ்சும் மெசின் ஒன்று வாங்கினார். பிறகென்ன, காலையில் அதன் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவரைப்போலச் சிநேகிதர் பாலேந்திராவுக்குப் போன் எடுத்து நிலவரம் சொல்வதே வேலையாயிற்று. ஒருநாள் வாளி நிரம்பாவிட்டால் மனிதருக்கு முகம் வாடிவிடும்.

தக்ஷிகா வேலைக்குத் திரும்புகிற காலம் வந்தது. பகலில் பிள்ளை அம்மப்பா வீட்டில் என்று பேச்சு. குகநாதன் கிலுக்குகளும் பாயும் வாங்கி வைத்துக் காத்திருந்தார். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்தவள், பிள்ளையைக் கிடத்தக் குனிந்தாள். கிடத்தாமலே நிமிர்ந்தாள்.

"அப்பா, தரை மணக்குது. இந்த மணம் போகாட்டி நான் பிள்ளையை நேசறியிலதான் விடுவன்."

குகநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நேசறியில் ஆரோ ஒருத்தி தூக்குவாளாம், ஆரோ ஒருத்தி நித்திரையாக்குவாளாம். மணம் வருகிறது என்றால் வருவதற்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டும்; ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். வேறெப்படி யோசிப்பார்? கார்ப்பெட்டை உருட்டி, பலகைகளைக் கிளப்பி, டோர்ச்சும் ரேப்புமாகத் தரைக்குக் கீழே இறங்கினார். பேத்தி தவழுமுன் அம்மப்பா தவழ்ந்தார்.

உள்ளே மண் நசநசத்தது. மரம் கறுத்திருந்தது. மூலையில் பஞ்சுபோலப் பூஞ்சணம். எதிர்ச்சுவரில் என்னவோ தொங்கியது.

"கனகம், இஞ்சை வந்து பாரும். ஆரோ ஒரு விசரன் வெளியாலை நிண்டு காத்துப் போற ஓட்டைக்குள்ள சீலை அடைஞ்சு வச்சிருக்கிறான்."

கனகாம்பிகை மேலேயிருந்து குனிந்து பார்த்தார். அவசரப்படவில்லை.

"டோர்ச்சைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ. இடுப்பில கட்டுற நீலக் கட்டம் போட்ட சாரம். விசரனை எனக்குத் தெரியும்."

தரைக்குக் கீழே டோர்ச் அணைந்தது.

அன்றே சாரம் வெளியே வந்தது. மற்ற ஓட்டைகளிலிருந்து இரண்டு தலையணை உறையும் ஒரு அரிசிப் பையும் வந்தன. தச்சன் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து, இன்னொரு மாரி போயிருந்தால் தரை இறங்கியிருக்கும் என்றான். குசினிக் காற்றாடிக்கு விடுதலை கிடைத்தது. கோடை வர மணம் மெல்ல மெல்லக் கழன்றது. தக்ஷிகா வந்து, முழந்தாளிட்டு, தரையை மணந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கிடத்தினாள்.

அதற்குப் பிறகு குகநாதன் கோயிலில், கலியாண மண்டபத்தில், பஸ்சில் ஆரைக் கண்டாலும் காற்றைப் பற்றித்தான் பிரசங்கம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிய எழும்பிப் போய், உங்கள் கதவடியில் சுருண்டு கிடப்பது என்னவென்று பாருங்கள். அப்படியே வெளியே போய், சுவரோரம் நிற்கிற பூச்சட்டியையும் ஒருக்கால் நகர்த்திப் பாருங்கள். அடைத்தது உங்களுக்கு ஞாபகம் இராது. இந்த இனத்துக்கு இராது.

குகநாதனுக்கோ இனி மறக்காது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தோம். இன்று காலை பேத்தி சுவரோரம் தவழ்ந்துபோய் ஒரு தும்மல் போட்டாள். சின்னத் தும்மல்தான். மனிதர் எழும்பினார், பழைய காலுறை ஒன்றைக் கையில் எடுத்தார், வாசலில் நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கனகம், ஒண்டே ஒண்டை மட்டும் அடைச்சால் வீட்டுக்குத் தெரியவே போகுது?"