மாநிலப் போட்டிக்கு நான் கொண்டுபோன அதிர்வேட்டு

நான் படித்தது எட்டாவது வரைக்கும். அதில் பாஸா ஃபெயிலா என்று கேட்காதீர்கள். ஆனால் திருவிடைமருதூரைச் சுற்றி எந்த வயலில் எவ்வளவு ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று இன்ஜினியர்களே என்னிடம்தான் கேட்பார்கள். துபாய்க்குப் பம்பு மெக்கானிக்காகப் போய், திரும்பி வந்து சொந்தமாகப் போர்வெல் வண்டி வாங்கியவன். (வண்டியின் நெற்றியில் என் பெயர். சாமி பெயர் பக்கவாட்டில்.) இப்படித் தானாகவே மேலே வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டான். அந்த வியாதி எனக்கு முற்றிப்போன நாளைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. துபாயில் நர்ஸாக இருந்தவள். நடக்கப் பழகுமுன் கடலில் குதிக்கப் பழகிய தீவுக்காரி. அவள் வந்த முதல் வாரமே எங்கள் ஊர் அவளை மாரிசெல்வி ஆக்கிவிட்டது. மகள் தாமரைக்கு அம்மாவின் கண், அம்மாவின் மூக்கு, அம்மாவின் நீச்சல். என்னிடமிருந்து போனது பிடிவாதம் ஒன்றுதான்.

மேட்டூர் திறந்தால் தாமரை காவிரியில் நீந்துவாள். ஆறு வறண்டால் எங்கள் பம்புசெட்டுத் தொட்டியில். தொட்டி சின்னது என்பதால் மரிசெல் அவள் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்வாள். தாமரை ஒரு அடிகூட முன்னே போகாமல் இருந்த இடத்திலேயே நீந்துவாள். லீவு நாளென்றால் இருவரும் விடியுமுன் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் நீச்சல் குளத்துக்குப் போவார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்து, "எல்லாம் நம்ம டிரெய்னிங்" என்பேன். (எனக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தண்ணீருக்கும் முட்டி வரைக்கும்தான் உறவு.)

தாமரைக்குப் பதினாலு வயதில் சென்னையில் மாநிலப் போட்டி. நூறு மீட்டர். முதல் இரண்டு பேருக்குத்தான் தேசியப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். முந்தின வருடம் மூன்றாவதாக வந்து, கும்பகோணம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவள் அவள்.

"அப்பா, இந்தத் தடவை நீங்களும் வரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேம்மா, சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினேன். வாயைத் திறக்கவில்லை. வேட்டுக்கார மாணிக்கத்தை வேனில் கூட்டிப்போனேன்.

எங்கள் பக்கம் சாமி புறப்பட்டால் வேட்டு. என் தொழிலிலும் அதே வழக்கத்தை வைத்திருந்தேன். போர்வெல்லில் தண்ணீர் பீய்ச்சியதும் வரப்பில் ஒரு அதிர்வேட்டு. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சைக்கிளில் வந்து நிற்பார்கள். அப்படியிருக்க, என் மகள் தண்ணீரில் இறங்கும் நேரம் வெறுமனே கை தட்டினால் நன்றாகவா இருக்கும்?

ஏற்பாடு சுலபம். குளத்துக் காம்பவுண்டுக்கு வெளியே காலி மனை. அங்கே மாணிக்கம். தாமரை குதிக்கும் மேடையில் ஏறியதும் நான் துண்டை வீசுவேன், அவன் பற்ற வைப்பான். நீச்சல் போட்டியைத் துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்கிற ஆளா நான்?)

பெண்கள் மேடையில் ஏறினார்கள். துண்டை வீசினேன். எல்லாரும் குனிந்து மேடை விளிம்பைப் பிடித்தார்கள். குளமே மூச்சை அடக்கியது. துப்பாக்கிக்காரர் கையைத் தூக்கத் தொடங்கினார்.

டமார்!

மாணிக்கம் வைத்த வேட்டிலேயே அதுதான் தரமான வேட்டு. இன்றைக்கும் சொல்வேன். புறாக்கள் மொத்தமும் பறந்தன. துப்பாக்கிக்காரர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். தவறான ஆரம்பமானால் கயிற்றைத் தண்ணீரில் இறக்கி நிறுத்த வேண்டிய ஆள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லாரும் குதித்துப் பறந்தார்கள். ஒருத்தி மட்டும் மேடையில் குனிந்தபடி அப்படியே நின்றாள். என் மகள்.

"குதிம்மா! ஏன் நிக்கிற?" என்று கத்தினேன். சத்தியம் அத்தோடு போயிற்று.

மற்றவர்கள் போய்த் திரும்பி வந்து சுவரைத் தொட்டார்கள். முதலில் தொட்ட சென்னைப் பெண் கையை உயர்த்திச் சிரித்தாள். அவளைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. அவள் அப்பா குளத்தைச் சுற்றி நடுவர் அம்மாவிடம் ஓடிவந்தார்.

"மேடம், இது பிளான்! எங்க புள்ளைங்கள களைப்பாக்கிட்டு, இந்தப் பொண்ணு மட்டும் தெம்பா நிக்குது பாருங்க. முதல்ல இது தமிழ்நாட்டுப் பொண்ணே கெடையாது, நேபாளம்!"

தாமரை திரும்பினாள். "நேபாளத்துல ஏது சார் கடல்? எங்கம்மா பிலிப்பைன்ஸ். நான் திருவிடைமருதூர். வேணும்னா வாங்க, தேரோட்டம் காட்டுறேன்."

வெள்ளை உடையில் இருந்த நடுவர் அம்மா எங்கள் பக்கம் வந்தார். "வெடி வெச்சது யாரு?"

நான் வானத்தைப் பார்த்தேன். சென்னையில் அன்று வானம் அழகாகத்தான் இருந்தது. அப்போது கேட்டருகே, கரிக் கையோடு, முகமெல்லாம் சிரிப்பாக மாணிக்கம் வந்து நின்றான்.

"அண்ணே, எப்பிடி? ரெண்டாவதும் வெச்சிரட்டுமா?"

அதற்குப் பிறகு வானத்தைப் பார்த்துப் பயன் இல்லை.

"நீ ஏன்மா குதிக்கல? முன்னாடியே தெரியுமா?" என்று நடுவர் தாமரையைக் கேட்டார்.

"தெரியாது மேடம். ஆனா துப்பாக்கி காதுல கேக்கும். இது அடிவயித்துல கேட்டுச்சு. இது எங்கப்பா."

அவளைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டம் கூச்சல் போட்டது. நடுவரும் யோசித்தார். கயிறு உராய்ந்து அவள் இடுப்பில் விழுந்த தழும்பு அங்கிருந்தே எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

"மேடம், அவங்க நீந்துன தூரம் நானும் இப்ப நீந்திடுறேன். அப்புறம் எல்லாரும் ஒண்ணா ஓய்வெடுத்துட்டு ஆரம்பிப்போம். சமம்தானே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குதித்துவிட்டாள்.

"அனக், ஃபுல் ஸ்பீடு!" என்று கத்தினாள் மரிசெல். (அனக் என்றால் அவர்கள் பாஷையில் பிள்ளை.) "மெதுவா போனா யாரும் நம்ப மாட்டாங்க!"

யாரும் போட்டியிடாத குளத்தில், தன்னந்தனியாக, உயிரைக் கொடுத்து நீந்தினாள். பாதியிலேயே கூச்சல் அடங்கியது. அவள் சுவரைத் தொட்டபோது, முதலில் கை தட்டியது அந்தச் சென்னைப் பெண்தான். நானும் கையைத் தூக்கினேன். மரிசெல் பிடித்துக் கீழே இறக்கினாள். "நீங்க வேணாம். உங்க கையையும் நம்ப முடியாது."

நடுவர் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. நானும் மாணிக்கமும் கேட்டுக்கு வெளியே.

ஆகவே என் மகள் வாழ்க்கையின் பெரிய போட்டியை நான் பார்க்கவில்லை. மாணிக்கம் வேன் கூரையில் ஏறி நேர்முக வர்ணனை செய்தான்.

"அண்ணே, ஆரம்பிச்சாச்சு!"

"நம்ம புள்ள எங்கடா?"

"எல்லாத் தலையும் கத்திரிக்கா மாதிரி இருக்குண்ணே. ஒரு கத்திரிக்கா முன்னாடி போவுது."

"நம்ம கத்திரிக்காயா?"

"தெரியலண்ணே. ரெண்டு கத்திரிக்கா ஒட்டிக்கிட்டு வருது. ஐயோ அண்ணே, முடிஞ்சிபோச்சு!"

தலை சொட்டச் சொட்ட தாமரை வெளியே வந்தாள். சென்னைப் பெண் முதலிடம். இவள் இரண்டாவது. மூன்றாவது பெண் ஒரு விரல்நகம் பின்னால்.

"மாணிக்கம், எட்றா அந்த ரெண்டாவது வேட்டை!" என்றேன்.

"அப்பா, உள்ள இன்னும் பசங்க ரேஸ் பாக்கி இருக்கு," என்றாள். அப்புறம்தான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு அவள் தேசியப் போட்டிக்குப் போனாள், மெடல் வாங்கினாள், நீச்சலாலேயே வேலையும் வாங்கினாள். எல்லாப் போட்டிக்கும் நான் போனேன், எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். என்னளவுக்கு இந்தியாவின் நீச்சல் குளச் சுவர்களைப் பார்த்தவன் எவனும் இல்லை.

மரிசெல் அன்றே தன் தீவுக்கு போன் போட்டுக் கதையைச் சொல்லிவிட்டாள். போன வருடம் குடும்பத்தோடு அங்கே போனேன். படகுத்துறையில் இறங்கியதும் மச்சினன், மச்சினி, அவர்கள் பேரன் பேத்தி எல்லாரும் ஒரே குரலில், "லோலோ பூம்!" என்றார்கள். லோலோ என்றால் தாத்தா. பூம் என்றால் உங்களுக்கே தெரியும். நான் போர்வெல் முதலாளி என்று அங்கே ஒருத்தனுக்கும் தெரியாது.

அவர்களுக்கு ஒரு விளையாட்டு. படகு விளிம்பில் வரிசையாக நின்றுகொண்டு, நான் "பூம்" என்று கத்தினால்தான் கடலில் குதிப்பார்களாம். கத்தினேன். எங்கள் பக்கத்துக் குரல் அல்லவா, தென்னை மரமே அசைந்தது. அத்தனை பேரும் பொத்தென்று குதித்தார்கள். வரிசையின் கடைசியில் தாமரை மட்டும் குனிந்தபடி அப்படியே நின்றாள்.