நரி பிடுங்கிய ஆணிகள்

மகன் ஒப்ரேனின் குடிலில் கோழிகளைக் குடியேற்றிவிடுவது என்று வெலிசார் முடிவு கட்டினார். போருக்குப் போகிறவர் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டார். மனைவியிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஸ்தாமெனாவிடம் உப்புக் கேட்பதற்கே தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஆள் அவர்.

கொலுபாரா ஆற்றோரப் பண்ணைகளில் மகனுக்குக் கல்யாணம் என்றால் முற்றத்தில் ஒரு மரக்குடில் எழுப்புவார்கள். இளஞ்சோடி அதில்தான் படுக்கும். உள்ளே அடுப்பு கிடையாது, கட்டில் மட்டும்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஏது குளிர் என்று ஊரே கேலி பேசும். மக்காச்சோளப் பட்டறைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே வெலிசாரும் தன் கையால் ஒன்று கட்டினார். கூரை போட்டு முடித்த வாரம் ஒப்ரேனை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்தக் கட்டிலில் இன்றுவரை ஒருவரும் படுத்ததில்லை.

சனிக்கிழமைதோறும் ஸ்தாமெனா குடிலைப் பெருக்குவாள். போர்வையை உதறி விரித்து, தலையணைக்கடியில் திருநீற்றுப்பச்சைக் கொத்து ஒன்றை வைப்பாள். விளக்குமாற்றுச் சத்தம் கேட்டதுமே வெலிசார் பிளம் தோப்புக்கு ஓடிவிடுவார். அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை. கோழி எச்சம் விழுந்து குடில் பாழாகிவிட்டால் அவள் பெருக்குவதை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

அவள் மாவு அரைக்கப் போன நேரம் பார்த்துக் கோழிக்கூட்டின் ஒரு பக்கப் பலகைகளைக் கழற்றிப் போட்டார். அவள் திரும்பியதும், நரி வந்து கூட்டை நாசம் பண்ணிவிட்டது, கொஞ்ச நாளைக்குக் கோழிகளைக் குடிலில் விடலாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

ஸ்தாமெனா கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எத்தன கோழி போச்சு?"

"ஒண்ணும் போகல."

"நல்ல மனசுக்கார நரி."

குனிந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். பிடுங்கிய ஆணியை நிமிர்த்திச் சேர்த்துவைப்பது வெலிசாருக்குப் பிறவிக் குணம். திருட்டு வேலையிலும் கை சும்மா இருக்கவில்லை.

"ஆணியப் புடுங்கி, தட்டி நிமித்தி, டப்பாவுல வேற போட்டு வச்சிருக்கு. உங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டிருக்கும் போல."

"இப்பல்லாம் நரிங்க அப்படித்தான்" என்றார் வெலிசார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கோழிகளுக்கு இடம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தோப்புக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நடந்தார்.

பொழுது சாயத் திரும்பி வந்தால், வீட்டுக்குள் கொக்கரிப்பு. அவருடைய கட்டிலின் மேல் சேவல் நின்றுகொண்டிருந்தது. அவருடைய போர்வையையும் ஆட்டுத்தோல் மேலங்கியையும் காணோம். தேடிக்கொண்டு குடில் வாசலுக்குப் போனார். உள்ளே, ஒப்ரேனின் கட்டிலில் ஸ்தாமெனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவருடைய போர்வை விரித்திருந்தது.

"என்ன இது?"

"கோழிக்கு எடம் கேட்டீங்க. குடுத்தாச்சு."

"இங்க அடுப்பு இல்லியே. குளிருமே."

"சோடிக்குன்னுதானே கட்டினீங்க? நாமளும் சோடிதான். உள்ள வாங்க."

ஆற்றங்கரையிலிருந்து மகனைத் தூக்கிவந்த நாளுக்குப் பிறகு அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. தாண்டினார். மரவாசனை அப்படியே இருந்தது. கட்டில் காலைத் தொட்டதும் உடைந்துபோனார்.

"பய நெட்டைன்னு கட்டில ஒரு சாண் கூடுதலா அடிச்சேன், ஸ்தாமெனா."

"தெரியும். தோப்புல தனியா நின்னு அழுவுறதும் தெரியும். இனிமே இங்க வந்து அழுவுங்க. எனக்கும் தொணையா இருக்கும்."

வெகுநேரம் இருவரும் அழுதார்கள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணி டப்பாவை அவர் மடியில் வைத்தாள்.

"காலையில கூட்டைச் சரி பண்ணிடுங்க."

"சரி."

"அப்பறம், எனக்கு இடுப்பு வலி. வர்ற சனிக்கிழமையிலேருந்து இத நீங்க பெருக்கிடுங்க."

விளக்குமாறு ஏற்கெனவே அவர் பக்கம்தான் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.