சிப்பு அண்ணாச்சி சொன்ன விலை

கடைக்கு வந்தவர்களைப் பொருள் வாங்க விடாமல் திருப்பி அனுப்பிய வியாபாரி உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். எழுபதுகளின் கடைசியில் அவர் தூத்துக்குடியில், துறைமுகம் போகும் சாலையில் கால்குலேட்டர் விற்றுக்கொண்டிருந்தார். விற்காமல் வைத்திருந்தார் என்பதே சரி.

எல்லாம் கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்த வெளிநாட்டுச் சரக்கு. ஒன்றைத் திறந்து உள்ளேயிருக்கும் கறுப்புச் சில்லைக் காட்டி, "இதுதான் சிப்பு. விலை ஏறதும் இறங்குறதும் இதாலதான்" என்பார். அப்படித்தான் சிப்பு அண்ணாச்சி ஆனார். அவர் சிப்பி வாங்குவதாகக் கேள்விப்பட்டு, தருவைகுளத்து மீனவர் ஒருவர் ஒரு சாக்குச் சிப்பியைக் கடை வாசலில் இறக்கினார். அவரையும் உட்காரவைத்து அண்ணாச்சி சிப்பு விலையை விளக்கினார். நாற்றம் போக நாலு நாளாயிற்று.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் தற்காலிக கிளார்க். கப்பலேறும் உப்பு மூட்டைகளின் எடையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு முறை தப்பாகிவிட்டது. மூன்றாவது முறையும் தப்பானால் வேலைக்கு வர வேண்டாம் என்று மானேஜர் சொல்லியிருந்தார். சேர்த்துவைத்த பணத்தோடு அண்ணாச்சியிடம் போனேன். மெமரி உள்ள கால்குலேட்டர் இருநூற்றைம்பது ரூபாய்.

"இப்ப வாங்காத தங்கச்சி. வெளிநாட்டுல ஊர்ப்பட்ட கம்பெனிக்காரன் சிப்பு செஞ்சு குவிக்கான். வாங்கத்தான் ஆளில்ல. மூணு மாசத்துல இருநூறுக்கு வந்துரும்."

"அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கணுமே அண்ணாச்சி."

"ரெண்டு தரம் கூட்டிப் பாரு."

மூன்று தரம் கூட்டிக் கூட்டி மூன்று மாதத்தை ஓட்டினேன். அதற்குள் விலை நானூறு. சிப்பு மலிந்ததில் நஷ்டப்பட்டுப் பல கம்பெனிகள் மூடிவிட்டன. மிச்சமிருந்தவர்களிடம் உலகமே போய் நின்றது. காத்திருந்தவர்கள் எல்லாரும் அண்ணாச்சியைத் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

ஒரு மத்தியானம் அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கேரியரில் அட்டைப்பெட்டி.

"இருநூறு குடு," என்றார்.

"வெளிய நானூறு விக்குது அண்ணாச்சி."

"விக்கட்டும். நாந்தான ஒன்னைப் பொறுக்கச் சொன்னேன். நீ பொறுத்த. கம்பெனிக்காரன் பொறுக்கலன்னா அதுக்கு நீ என்ன செய்வ?"

மதுரை வியாபாரி ஒருவர் மொத்தச் சரக்கையும் நானூறு வீதம் கேட்டு வந்திருந்தாராம். அண்ணாச்சி கொடுக்கவில்லை. தான் திருப்பி அனுப்பியவர்களை வீடு வீடாகத் தேடிப்போய், சொன்ன விலைக்கே கொடுத்து முடித்தார். விலை ஏறிப்போன அடுத்த ஏலத்துக்குக் கையில் பணமில்லை. கடை கைமாறியது. பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு ரேடியோ ரிப்பேர் பார்த்தார்.

எனக்கு வேலை நிரந்தரமானது. மறு வருடம் கால்குலேட்டர் நூற்றைம்பதுக்கு இறங்கியபோது முதலில் அவரிடம்தான் போய்ச் சொன்னேன்.

"இறங்கும்னு நான் அப்பவே சொன்னேம்லா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமா அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு," என்றேன்.